லில்லியும் ரூபி பாடியும்

காஞ்சிபுரத்தில் சிவப்பு என்று பொதுவாகச் சொன்னால் சிரிப்பார்கள். எந்தச் சிவப்பு என்று கேட்பார்கள். அரக்கு இருக்கிறது, மிளகாய்ப்பழம் இருக்கிறது, மாதுளம்பூ இருக்கிறது, குங்குமம் இருக்கிறது, சிவப்பில் சேர்த்தியா இல்லையா என்று இன்னும் பஞ்சாயத்து முடியாத வெங்காயச் சருகும் இருக்கிறது. சாயப்பட்டறை யேசுதாசின் மகள் லில்லி ஏழு வயதிலேயே இவற்றைக் கண்மூடித் திறப்பதற்குள் பிரித்துச் சொல்லிவிடுவாள். அதில் அவளுக்குப் பெருமை ஒன்றும் கிடையாது. வாத்தியார் வீட்டுப் பிள்ளைக்கு வாய்ப்பாடு வருகிற மாதிரி சாயக்காரர் வீட்டுப் பிள்ளைக்கு நிறம் வரும்.

யேசுதாசின் அப்பா மாகறலில் அடுத்தவர் நிலத்தில் ஏர் ஓட்டினவர். யேசுதாஸ் ஏரை விட்டுவிட்டு டவுனுக்கு வந்து, சின்ன காஞ்சிபுரத்துச் சாயப்பட்டறை ஒன்றில் செப்புக் கொப்பரைக்கு முன்னால் நின்றவர், நின்றவர்தான். முழங்கை வரை அவர் கை சொந்த நிறத்தில் இருந்ததே இல்லை. சர்ச்சில் திருவிருந்துக்குக் கை நீட்டும்போது, இந்த வாரம் ஊரில் எந்த நிறம் ஓடுகிறது என்று போதகருக்கே தெரிந்துவிடும். நூலில் கறை பட்டிருக்கிறது, கெடுத்தது நீதான் என்று எந்த முதலாளியாவது அந்த நூல்கழியைத் தூக்கிக்கொண்டு வந்தால் அவர் குரலை உயர்த்தமாட்டார்.

"ஒரு கொப்பரையில முக்குன நூலுக்கு ஒரு செவப்புதாங்க. ரெண்டு செவப்பு தெரிஞ்சா ஒண்ணு வெளியிலேர்ந்து வந்தது," என்பார்.

வெற்றிலை போட்ட முதலாளி வாயைத் துடைத்துக்கொண்டு போய்விடுவார்.

அந்த யேசுதாசின் மகள் பி.எஸ்ஸி. விலங்கியல் படிக்கப் போனது தெருவுக்கே பெரிய செய்தி. 1968-இல் அவள் பிராக்டிகலில் ஃபெயில் ஆனது அதைவிடப் பெரிய செய்தி. ஒருத்தி ஏறும்போது பார்க்க வந்தவர்கள் சறுக்கும்போதும் வருவார்கள், அது ஊர் வழக்கம். ஆனால் அவள் சறுக்கியது படிக்காததால் அல்ல. அவளைச் சறுக்கவிட்ட பொருளுக்கு ரூபி பாடி என்று பெயர். அதைப் பற்றிச் சொல்லாமல் லில்லியைப் பற்றிச் சொல்ல முடியாது.

பட்டு வியாபாரிகள் சிலர் சேர்ந்து நடத்திய திரிபுரசுந்தரி கலைக் கல்லூரியில்தான் அவள் படித்தாள். அங்கே பன்னிரண்டு மைக்ராஸ்கோப்புகள். பதினொன்று, கண்ணை வைத்தால் நம் இமைமயிரை மட்டும் தெளிவாகக் காட்டும். பன்னிரண்டாவது ஜெர்மன் சரக்கு. அதன் திறப்பு விழாவில் நிர்வாகக் குழுத் தலைவர் ஆசையாகத் தன் கடைச் சரிகை ஒரு துண்டை அதில் வைத்துப் பார்த்தார். பார்த்தவர் முகம் மாறி, சரிகையை மடித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். அதற்கப்புறம் குழுவைச் சேர்ந்த யாரும் அந்த மைக்ராஸ்கோப் பக்கமே வரவில்லை.

அது விலங்கியல் துறைத் தலைவர் உமாபதியின் சொத்து மாதிரி ஆயிற்று. உமாபதி கெட்டவர் அல்ல. எல்லாம் தெரிந்தவர், அதுதான் தொந்தரவு. தெரியாது என்ற சொல்லைப் பிறர் வாயிலிருந்து கேட்டிருப்பாரே தவிரத் தாமாக ஒருநாளும் சொன்னதில்லை. 1966-இல் ஆயுத பூஜை விடுமுறை முடிந்து கல்லூரி திறந்த வாரம், ஜெர்மன் மைக்ராஸ்கோப்பில் தவளையின் கல்லீரலை வைத்து வகுப்புக்குக் காட்டினார். பார்த்த முதல் பையனே கேட்டுவிட்டான்.

"சார், செவப்பா ரெண்டு இருக்குதே, அது இன்னா சார்?"

உமாபதி குனிந்து பார்த்தார். கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார். இரண்டு செக்கச்செவேல் புள்ளிகள் இருக்கத்தான் இருந்தன. எந்தப் புத்தகத்திலும் அவர் அவற்றைப் பார்த்ததில்லை. நாற்பது பேர் காத்திருந்தார்கள். அவர் பார்வை கீழே இறங்கித் தம் விரலிலிருந்த கெம்புக்கல் மோதிரத்தில் போய் நின்றது.

"ரூபி பாடி," என்றார்.

நாற்பது பேரும் எழுதிக்கொண்டார்கள். ஒரு பொருளுக்குப் பெயர் வைத்துவிட்டால் அதைப் பற்றித் தெரிந்துகொண்ட மாதிரிதான், யார் இல்லை என்பது?

அன்றிலிருந்து ரூபி பாடி வளர்ந்தது. கல்லீரலில் இருந்தது குடலிலும் இருந்தது, நரம்பிலும் இருந்தது, பல்லியின் தோலிலும் இருந்தது. மற்றப் பதினொரு மைக்ராஸ்கோப்புகளில் தெரியவில்லை. அவற்றுக்கு அந்தத் திராணி இல்லை என்றார் உமாபதி. ஸ்லைடை நகர்த்தினால் திசு நகர்ந்தது, ரூபி பாடி மட்டும் நின்ற இடத்தில் நின்றது. அந்த நிலைத்தன்மைதான் அதன் சிறப்பு என்றார். மறு வருடம் ஆயுத பூஜை கழிந்து பார்த்தால் இரண்டு மூன்றாகியிருந்தது. இனப்பெருக்கம் நிரூபணமாயிற்று என்று கல்லூரி மலரில் நாலு பக்கம் எழுதினார். நிர்வாகக் குழு பொன்னாடை போர்த்தியது. அதன் சரிகையை யாரும் சோதித்துப் பார்க்கவில்லை.

ஸ்டென்சில் வெட்டி உருட்டிய அவருடைய குறிப்புகளில் எந்தத் திசுவானாலும் கடைசி வரி ஒன்றுதான்: ரூபி பாடி மூன்று காணப்படும்.

பிராக்டிகல் பரீட்சையில் மேஜை மேஜையாக ஸ்லைடு வைத்திருப்பார்கள். மணி அடித்தால் அடுத்த மேஜைக்கு நகர வேண்டும். கடைசி மேஜையில் ஜெர்மன் மைக்ராஸ்கோப், அதற்குத்தான் அதிக மதிப்பெண். 1968 மார்ச்சில் அந்த மேஜையில் லில்லி குனிந்து பார்த்தாள். குருத்தெலும்பு. இளநீலத்தில் வழுவழுப்பாக, நுங்குக் கண் மாதிரி இரண்டிரண்டு செல். அழகாக இருந்தது. ஸ்லைடில் ஏற்றியிருந்த சாயத்தின் சிவப்பு ஓரத்தில் ரோஜா நிறத்தில் படர்ந்திருந்தது. அதற்கு நடுவே அந்த மூன்று புள்ளிகள் வேறொரு சிவப்பில் உட்கார்ந்திருந்தன. ஒன்றரை வருடமாக அவளுக்கு அது கண்ணை உறுத்திக்கொண்டே இருந்தது. கொப்பரைக்காரர் மகளின் கை தானாக எழுதிவிட்டது. இது குருத்தெலும்பு, சிவப்புப் புள்ளிகள் மூன்றும் திசுவைச் சேர்ந்தவை அல்ல, நிறம் வேறு, வெளியிலிருந்து வந்தவை என்று எழுதினாள்.

உமாபதி அந்த விடைக்கு முட்டை போட்டார். அந்த வருடம் வந்த வெளித்தேர்வாளர் அரைத் தூக்கத்தில் கையெழுத்துப் போட்டார். பிராக்டிகலில் மூன்று மதிப்பெண்ணில் லில்லி போனாள்.

"இன்னாமா எழுதின?" என்று யேசுதாஸ் கேட்டார். சொன்னாள்.

"சரியாத்தான் எழுதியிருக்கிற," என்றார். சரியாக எழுதினால் பாஸ் ஆவார்கள் என்று நம்பித்தான் அந்த மனிதர் அவளைப் படிக்க வைத்திருந்தார்.

பெரியாஸ்பத்திரி லேபில் லில்லிக்கு ஒரு இடம் சொல்லி வைத்திருந்தார்கள். லேப் டாக்டர் தயவுள்ளவர். "இப்ப இருக்கிறவர் அடுத்த ஜூன் வரைக்கும் இருப்பாரு. அதுக்குள்ள சர்டிபிகேட்டோட வாம்மா. அதுக்கு மேல என்னால நிறுத்தி வெக்க முடியாது," என்றார். ஆக ஒரே ஒரு மார்ச் பாக்கி. அதிலும் போனால் வீட்டில் உட்கார்ந்து நூல் சுற்றுவதுதான் உத்தியோகம். தெருவில் இரண்டு வீட்டில் அதற்கு ராட்டினத்தையே பார்த்து வைத்துவிட்டார்கள்.

அந்த ஒரு வருடம் லில்லி தயாரான மாதிரி அந்தக் கல்லூரியில் யாரும் தயாரானதில்லை. சனிக்கிழமைகளில் ஆய்வுக்கூடத்தைப் பெருக்கித் துடைக்க அட்டெண்டர் சிட்டிபாபு வருவார். ஐம்பது வயது, தறிக்குடும்பத்துக்காரர், மெலிந்த உடம்பு. ஃபெயிலான பெண்ணை உள்ளே விடக்கூடாது என்று சட்டம் இருந்தது. "சட்டம் சனிக்கிழம லீவுமா, நீ வா," என்று சொல்லி ஸ்லைடுப் பெட்டியை அவள் பக்கம் தள்ளிவிடுவார்.

முதலில் அவளும் மற்றவர்களைப் போலத்தான் குறிப்புகளை உருப்போட்டாள். பிறகு அதை மூடி வைத்துவிட்டுப் பார்க்க ஆரம்பித்தாள். குறைந்த பெரிதாக்கத்தில் முதலில் மொத்தமாக, பிறகு கிட்டத்தில். இரண்டு கண்ணையும் திறந்து வைத்துக்கொண்டு பார்க்கப் பழகினாள், அப்போதுதான் தலைவலி வருவதில்லை. குடலின் உட்சுவர்ச் செல்கள் மண்ணெண்ணெய்க்கு நிற்கிற ஜனம் போல ஒட்டி ஒட்டி நின்றன. தசையில் குறுக்குக் கோடு இருந்தால் எலும்பை அசைப்பது, கோடு இல்லாவிட்டால் குடலை அசைப்பது, கோடும் கிளையும் இருந்தால் இதயம். பெயர்ச்சீட்டை ஒட்டுக்காகிதத்தால் மறைத்து, பெட்டியைக் கலைத்துப் போட்டு, எடுத்தது எதுவானாலும் சொல்லிப் பார்த்தாள். ஆடிமாதம் பத்துக்கு நாலு சரி. கார்த்திகையில் பத்துக்குப் பத்து.

கேள்வி கேட்க ஜ்வாலாமாலினி வருவாள். லில்லியோடு படித்து, ரூபி பாடி மூன்று என்று எழுதி, முதல் வகுப்பில் தேறினவள். பக்கத்துக் கிராமத்துச் சமணக் குடும்பம், நெல் மண்டி வைத்திருந்தார்கள். வெங்காயம் அவர்கள் வீட்டு வாசற்படி ஏறாது. முதல் வருடம் வெங்காயத் தோலை உரித்து ஸ்லைடு போடச் சொன்னபோது, பாம்பைப் பிடிக்கிற மாதிரி இடுக்கியில் தூக்கிப் பிடித்துக்கொண்டு லில்லியிடம் நீட்டியவள் அவள்தான். அன்று தொடங்கிய சிநேகம்.

"உனக்கு இன்னாடி கஷ்டம்?" என்பாள் ஜ்வாலாமாலினி. "தண்ணியில கண்ணுக்குத் தெரியாத உயிரு இருக்குதுன்னு எங்கப்பா துணி கட்டி வடிகட்டிக் குடிக்கிறாரு. உலகம் பூரா உயிரு. அதுல இன்னும் மூணு செவப்பா இருந்துட்டுப் போவுது. எழுதிட்டு வாயேன்."

"இல்லாதத எப்படி எழுதறது?"

"இருக்குதுன்னுதான சார் சொல்றாரு. போன வருஷம் நீ மட்டும் இல்லன்னு எழுதின. இன்னா ஆச்சு?"

அந்த அக்டோபரோடு மூன்று ஐந்தாகியிருந்தது. உமாபதி குறிப்புகளைத் திருத்தி மறுபடி உருட்டக் கொடுத்திருந்தார்.

தை பிறந்து ஒரு சனிக்கிழமை, லில்லி ஜெர்மன் மைக்ராஸ்கோப்பில் ஒன்றுமே வைக்காமல் வெறும் கண்ணாடித் துண்டை வைத்துப் பார்த்தாள். ஐந்தும் இருந்தன. கண்ணாடித் துண்டையும் எடுத்துவிட்டுப் பார்த்தாள். அப்போதும் ஐந்தும் இருந்தன. கண் வைக்கிற மேல்குழலை, ஐபீஸ் என்பார்கள், மெல்லத் திருகினாள். ஐந்தும் கைகோத்துக்கொண்டு கும்மியடிக்கிற பெண்கள் போல வட்டம் வந்தன. இரண்டு வருடத்துக்கு மேலான பாடம் அவள் இரண்டு விரலுக்குள் சுற்றியது.

"அண்ணே, இந்தக் கொழாய யாராவது கழட்டுவாங்களா?" என்று கேட்டாள்.

"யாரு கழட்டப் போறா? நான்தான், வருஷத்துக்கு ஒருதரம்," என்றார் சிட்டிபாபு, ஜன்னலைத் துடைத்துக்கொண்டே. "ஆயுத பூஜைக்கு. மத்ததுக்கெல்லாம் மேலாக்கப் பொட்டு வெச்சுட்டு வுட்டுருவேன். இது பெரிய மிசினாச்சே. எங்க வூட்டுல தறியில ஓடற நாடாவுக்குப் பொட்டு வெச்சா மேல வெச்சு ஏமாத்தறதில்லமா. நூல் வெளிய வர்ற கண்ணு இருக்குது பாரு, அதுக்குத்தான் வெப்போம். வேல செய்யறது கண்ணுதானே. இதுக்கும் அப்படித்தான், கொழாய உருவி உள்விளிம்புல சந்தனம் தடவி, குங்குமம் நல்லா அழுத்தி..."

அங்கே நிறுத்தினார். லில்லியின் முகத்தைப் பார்த்தார். கையிலிருந்த துணி கீழே விழுந்தது.

ரூபி பாடியைப் பற்றி வகுப்பில் நடந்ததெல்லாம் கதவோரம் நின்று கேட்டவர் அவர். பொன்னாடை போர்த்தும்போது தட்டை ஏந்தி நின்றவரும் அவர்தான். காய்ந்த குங்குமம் வருடா வருடம் உதிர்ந்து உள்கண்ணாடியில் விழுந்து உட்கார்ந்திருக்கிறது என்று இப்போதுதான் அவருக்கு உறைத்தது.

"தொடச்சிடலாமா அண்ணே?"

"வேணாம்மா." விழுந்த துணியை எடுத்துக்கொண்டார். "சார் வந்து பாத்து அது காணோம்னா, மிசினக் கெடுத்துட்டேன்னு எம்மேலதான் வரும். இருக்குதுன்னு தெரிஞ்சாலும் எம்மேலதான் வரும். எனக்கு ரெண்டு பொண்ணு இருக்குது. நீ அஞ்சுன்னு எழுதிட்டுப் போயிடுமா. உனக்கும் நல்லது, எனக்கும் நல்லது."

அவர் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை. உண்மையைச் சொன்னால் உமாபதிக்கு ஒரு பொன்னாடை போகும், சிட்டிபாபுவுக்குச் சோறு போகும். சட்டத்தை மீறித் தன்னை உள்ளே விட்ட ஒரே மனிதரை மாட்டிவிட்டுப் பாஸ் ஆவதில் என்ன இருக்கிறது என்று லில்லிக்குத் தோன்றியது. எழுதிவிடுகிறேன் என்று வாக்குக் கொடுத்தாள். வீட்டுக்குப் போய் அப்பாவிடம் இதைச் சொல்லவில்லை. சொல்ல வெட்கமாக இருந்தது.

மார்ச் வந்தது. வெளித்தேர்வாளர் டாக்டர் ராஜகோபால் சென்னையிலிருந்து வந்தார். காஞ்சிபுரத்துக்கு வந்துவிட்டுக் கோயிலுக்குப் போகாமல் பரீட்சை நடத்தினால் மதிப்பெண் தங்காது என்று உமாபதி விடியற்காலையிலேயே அழைத்துப் போயிருந்தார். நெற்றியில் காமாட்சியம்மன் குங்குமம் காலணா அகலத்துக்கு அப்பியிருந்தது. அவர் குனியும்போதெல்லாம் கொஞ்சம் விடைத்தாளில் உதிர்ந்தது, கொஞ்சம் மூக்கில் நின்றது.

பரீட்சைக்கு முன் ஜெர்மன் மைக்ராஸ்கோப்பில் அவர் கண்ணை வைத்தார். நிமிர்ந்தார். மறுபடி வைத்தார்.

"சாருக்குத் தெரியாததா, ரூபி பாடி," என்றார் உமாபதி பணிவாக.

"ஓ, எஸ், எஸ்," என்றார் ராஜகோபால். இருபத்தெட்டு வருட அனுபவசாலி. இந்தச் சின்ன ஊரில் போய், எனக்குத் தெரியாது என்று எப்படிச் சொல்வார்? கடைசி மேஜையில் விடையை எழுதாமல் வாயால் சொல்ல வேண்டும் என்பது அந்த வருட ஏற்பாடு. பத்தொன்பது பேர் ஒருவர் பின் ஒருவராக வந்து ரூபி பாடி ஐந்து என்றார்கள். பத்தொன்பது முறையும் தலையாட்டினார். பன்னிரண்டாவது ஆள் வருவதற்குள் அவருக்கே நம்பிக்கை வந்துவிட்டது.

பழைய ஃபெயில் கடைசியில்தான் வர வேண்டும். லில்லி இருபதாவது. உமாபதி அவள் எண்ணைப் பார்த்துவிட்டு நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டார். கதவோரம் சிட்டிபாபு மணியைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவள் பக்கம் பார்க்கவில்லை.

லில்லி இரண்டு கண்ணையும் திறந்தபடி குனிந்தாள். வரித்தசை. ஒரு வருடமாகப் பழகின முகம். நீள நீள இழைகள், குறுக்கே மாறி மாறி வெளுப்பும் கறுப்புமாகக் கோடுகள், ஓரத்தை ஒட்டிப் பல உட்கருக்கள், கிளை இல்லை, ஆகவே இதயத் தசை இல்லை. ஒவ்வொன்றாகச் சொன்னாள். ராஜகோபால் காலையிலிருந்து முதல்முறையாக நிமிர்ந்து உட்கார்ந்தார். திசுவைப் பற்றி அவரிடம் பேசினவள் அவள் ஒருத்திதான்.

"நல்லது. அப்புறம்?" என்றார் உமாபதி.

ஐந்து என்று சொல்ல வேண்டும். வாயைத் திறந்தாள். வரவில்லை. பெரிய வீரம் என்று நினைக்க வேண்டாம். ஆஸ்பத்திரி டாக்டர், ராட்டினம், சிட்டிபாபுவின் இரண்டு பெண்கள், எல்லாம் கண் முன்னால் வந்தும் அந்த ஒரு சொல் வரவில்லை.

"சார், நீங்க ஒருதரம் பாருங்க," என்று ராஜகோபாலிடம் சொன்னாள். அவர் கண்ணை வைத்ததும் கையை நீட்டி ஐபீஸை மெல்லத் திருகினாள்.

தசை அசையவில்லை. ரூபி பாடிகள் ஐந்தும் அதன் மேல் ஊர்வலம் போயின.

"சுத்துதே," என்றார் ராஜகோபால்.

"அசைவு, சார். உயிருள்ளதுன்னு நான் மலர்லயே எழுதியிருக்கேன்," என்றார் உமாபதி. நிலைத்தன்மையைப் பற்றியும் அதே மலரில்தான் எழுதியிருந்தார்.

ராஜகோபால் ஐபீஸை உருவினார். கவிழ்த்தார். சுண்டுவிரலை உள்ளே விட்டு எடுத்தார். விரல் நுனி சிவந்திருந்தது. விரலைப் பார்த்தார். உமாபதியைப் பார்த்தார். பிறகு அந்தக் கை மெதுவாக மேலே ஏறித் தம் நெற்றியைத் தொட்டது. மேஜையில், விடைத்தாளில், வெள்ளைச் சட்டையின் மார்பில் உதிர்ந்து கிடந்ததையெல்லாம் ஒவ்வொன்றாகப் பார்த்தார். முகம் குங்குமத்தோடு போட்டி போட்டது.

"காலையில நான் பாத்தேனே, அப்பவா?" என்றார் தாழ்ந்த குரலில், லில்லியிடம்.

கதவோரம் சிட்டிபாபு பிடித்திருந்த மணியின் நாக்கு லேசாக இடித்து ஓசை எழுப்பியது.

"நீங்க நல்லா குனிஞ்சு பாத்தீங்க, சார்," என்றாள் லில்லி.

அதில் ஒரு சொல்லும் பொய் இல்லை.

"அம்பாள் பிரசாதம் சார், நல்லதுதான்," என்றார் உமாபதி, கொடுத்த கிளையைப் பிடித்துக்கொண்டு. நெற்றியிலிருந்து விழுந்த குங்குமம் கண்ணாடிக்கு அடிப்பக்கம் எப்படிப் போயிற்று என்று கேட்க, அந்த அறையிலிருந்த படித்தவர் யாரும் தயாராக இல்லை. யாருடைய விடையிலும் அந்தக் கடைசி வரியைக் கணக்கில் எடுக்க வேண்டாம் என்று முடிவாயிற்று. ராஜகோபால் ஐபீஸைத் தம் கைக்குட்டையாலேயே துடைத்து மாட்டினார். நெற்றியையும் துடைத்துக்கொண்டார்.

லில்லி தேறினாள், பிராக்டிகலில் முதலாவதாக. ஜூன் முதல் வாரம் ஆஸ்பத்திரி லேபில் போய் உட்கார்ந்தாள். சந்தோஷமாகத்தான் இருந்தது, யேசுதாஸ் கொப்பரைக்கு அன்று விடுமுறை கொடுத்தார். ஆனாலும் அவளுக்குள் ஒரு குறுகுறுப்பு. முழு உண்மையை எழுதின வருடம் ஃபெயில், பாதி உண்மையைச் சொன்ன வருடம் பாஸ். இதில் என்ன நீதி என்று என்னைக் கேட்டுப் பிரயோஜனம் இல்லை. நீதி சொல்கிறவர்களுக்குப் பொன்னாடை போர்த்துகிறார்கள், அவர்களைக் கேளுங்கள்.

லேபில் அவள் ஒரு பழக்கம் வைத்துக்கொண்டாள். காலையில் வந்ததும் வெறும் கண்ணாடியை வைத்து ஐபீஸை ஒருமுறை திருகிப் பார்ப்பாள். ஒன்றும் சுற்றவில்லை என்றால்தான் முதல் நோயாளியின் ரத்தத்தை வைப்பாள். இங்கே சிவப்பை எண்ணித்தான் ஊசி போடுகிறார்கள்.

அக்டோபரில் ஆயுத பூஜை வந்தது. கல்லூரியில் விடுமுறைக்கு முந்தின நாளே பூஜை முடிந்துவிடும். மறுநாள் காலை சிட்டிபாபு காய்ச்சலோடு ரத்தம் கொடுக்க லேபுக்கு வந்தார். விரல் நுனியைத் துடைத்துக்கொண்டே அவர் சொன்னார்:

"இந்தத் தரம் மேலாக்க வெச்சுட்டு நகந்துட்டேம்மா. சார் வந்து பக்கத்துல நின்னாரு. 'உள்பக்கம் வெச்சியாப்பா?'ன்னாரு. 'இல்ல சார்'ன்னேன். 'எப்பவும் போல வெய்யி, பழக்கத்த மாத்தாத'ன்னாரு."

லில்லிக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. பாதியில் நின்றுவிட்டது. அப்படியானால் அவருக்குத் தெரிந்திருக்கிறது. எப்போதிலிருந்து? இந்த மார்ச்சிலிருந்தா, அல்லது முட்டை போட்ட அந்த மார்ச்சிலேயேவா? தெரிந்தே போட்டாரா? தெரியாதவர் என்றுதான் இத்தனை நாளும் அவரை மன்னித்து வைத்திருந்தாள்.

"வெச்சீங்களா அண்ணே?"

"வெச்சேன். வேற இன்னா பண்றது?"

அவள் அவர் ரத்தத்தை ஸ்லைடில் இழுத்தாள்.

மத்தியானம் ஆஸ்பத்திரி ஊழியர் முனுசாமி சந்தனக் கிண்ணமும் குங்குமத் தட்டுமாக வந்தார். தராசுக்கு வைத்தார், அலமாரிக்கு வைத்தார், ஊசி கொதிக்கிற பாத்திரத்துக்கு வைத்தார். மைக்ராஸ்கோப் பக்கம் திரும்பினார். லில்லி எழுந்து குறுக்கே நின்றாள்.

"இதுக்கு வேணாம்ணே."

"வருஷத்துல ஒரு நாளுமா. வெக்காம வுடக்கூடாது. நீங்க சர்ச்சுக்காரங்க, உங்களுக்குத் தெரியாது."

அவர் மனதைப் புண்படுத்த அவளுக்கு இஷ்டமில்லை. மைக்ராஸ்கோப்பையும் விட்டுக்கொடுக்க முடியாது. ஒரு கணம் யோசித்துவிட்டு நெற்றியை நீட்டினாள்.

"அதுக்கு வெக்கறத எனக்கு வெச்சுட்டுப் போங்க."

முனுசாமி அரை மனதாக வைத்தார். நன்றாக அழுத்தியே வைத்தார்.

சாயங்காலம் அந்தப் பொட்டோடுதான் வீட்டுக்குப் போனாள். சர்ச்சைத் தாண்டும்போது இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். யேசுதாஸ் வாசலில் கை கழுவிக்கொண்டிருந்தார். மகளின் நெற்றியைப் பார்த்தார், கிட்டே வந்து தொழில்காரர் பார்க்கிற பார்வையில் மறுபடி பார்த்தார். அவள் நடந்ததைச் சொன்னாள், தை மாதம் சொல்லாமல் வைத்திருந்ததையும் சேர்த்து எல்லாவற்றையும் சொன்னாள். அவர் கேட்டு முடித்தார்.

"நீ மொதத் தரம் எழுதினதுதான் சரி," என்றார். "இது வெளியிலேர்ந்து வந்த செவப்புதானே, கழுவினா போயிரும்."

லில்லி சாப்பிட்டு முடிக்கிற வரைக்கும் அதைக் கழுவவில்லை.